கையெழுத்து கேட்காத சட்டம்

"எங்க மாமா இன்னும் ஒரு இடத்துலயும் கையெழுத்துப் போடலைண்ணே. அப்புறம் எப்படி நிலத்தை எடுப்பாங்க?"

கடலூர் சிப்காட்டில், சிதம்பரம் சாலை ஓரத்து டீக்கடையில், ஷிப்ட் முடிந்து வந்த தம்பி கேட்டார். அவருடைய மாமா வீடு செய்யாறு பக்கம். அங்கே மேல்மாவைச் சுற்றி 3,174 ஏக்கரில் சிப்காட் தொழிற்பேட்டையை விரிவாக்கும் திட்டத்தை எதிர்த்து 2023 ஜூலையில் விவசாயிகள் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள்.

எடுக்கலாம் தம்பி. கையெழுத்து தேவையே இல்லை.

2014 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த மத்தியச் சட்டம் ஒன்று இருக்கிறது. தனியார் கம்பெனிக்காக அரசு நிலம் எடுத்தால் 80 சதவீதக் குடும்பங்கள் சம்மதிக்க வேண்டும். அரசும் தனியாரும் சேர்ந்த திட்டம் என்றால் 70 சதவீதம். அரசே எடுத்துக்கொண்டால் சம்மதம் கேட்க வேண்டாம். ஆனாலும் சமூகத் தாக்க மதிப்பீடு செய்து, ஊரில் விசாரணை வைத்தாக வேண்டும். சிப்காட்டுக்குப் பயன்படுவது இந்தச் சட்டம் அல்ல, தமிழ்நாட்டின் 1997-ஆம் ஆண்டுத் தொழில் நோக்க நில எடுப்புச் சட்டம். இதில் சம்மதமும் இல்லை, தாக்க மதிப்பீடும் இல்லை. முதலில் 3(2) நோட்டீஸ் வரும்: ஏன் எடுக்கக் கூடாது என்று காரணம் சொல்லுங்கள். சொன்னதைக் கேட்டுக்கொண்டு, அரசு 3(1) அறிவிப்பை அரசிதழில் போடும். போட்ட தேதியிலிருந்தே நிலம் அரசுடையது. பணத்தைப் பற்றிய பேச்சு அதற்குப் பிறகுதான். இழப்பீட்டுக் கணக்கையும் மறுவாழ்வு, மறுகுடியமர்வு விதிகளையும் மட்டும் மத்தியச் சட்டத்திலிருந்து எடுத்துக்கொண்டார்கள்.

"எந்தக் கட்சிண்ணே கொண்டுவந்தது?"

இதில்தான் சுவாரசியம். சட்டத்தை இயற்றியது கருணாநிதி ஆட்சி. மத்தியச் சட்டம் வந்ததும் அதிலிருந்து இதற்கு விலக்கு வாங்கியது அ.தி.மு.க. ஆட்சி. 2019 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அந்த விலக்கைச் செல்லாது என்றது. உடனே முன்தேதியிட்டு ஒரு புதுச் சட்டம் போட்டு உயிர்கொடுத்தார் எடப்பாடி பழனிசாமி. 2021 ஜூனில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றபோது மு.க.ஸ்டாலின் முதல்வராகியிருந்தார். மேடையில் எதிரும் புதிருமாக நிற்பவர்கள் இந்த ஒரு விஷயத்தில் ஒருவருக்கொருவர் குறை வைக்கவில்லை.

அமெரிக்காவிலும் இதே கதைதான். ஃபுளோரிடாவிலிருந்த செமினோல் பழங்குடிகளை மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே அனுப்ப, ஆண்ட்ரூ ஜாக்சன் ஆட்சியில் 1832-இல் ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். புது நிலத்தைப் பார்த்துவர ஏழு தலைவர்கள் போனார்கள். போன இடத்திலேயே, நிலம் பிடித்திருக்கிறது என்று 1833-இல் ஒரு தாளில் அவர்கள் குறி விழுந்தது. எங்களை மிரட்டி வாங்கியது, குடிகளுக்காக முடிவெடுக்கும் அதிகாரமும் எங்களுக்கு இல்லை என்று திரும்பி வந்து சொன்னார்கள். 1835-இல் மூண்ட சண்டை ஏழு வருடம் ஓடியது. நான்கு ஜனாதிபதிகள் மாறினார்கள், கொள்கை மாறவில்லை. பேச்சுவார்த்தைக்கு வெள்ளைக்கொடியோடு வந்த செமினோல் போர்த் தலைவர் ஓசியோலாவை 1837-இல் பிடித்தார்கள்; மூன்றே மாதத்தில் சிறைக்கோட்டையில் இறந்துபோனார். ஆயிரக்கணக்கானோர் மேற்கே அனுப்பப்பட்டும், சில நூறு பேர் சதுப்புக்காட்டுக்குள் தங்கிவிட்டார்கள்.

அத்தனை அடாவடியிலும் அமெரிக்க அரசுக்கு ஒரு கையெழுத்து தேவைப்பட்டது, மிரட்டியாவது வாங்கினார்கள். நம் சட்டத்தில் அந்தச் சிரமமும் இல்லை.

2023 நவம்பரில் மேல்மாவில் போராடியவர்களில் இருபது பேர் கைதானார்கள், ஏழு பேர் மீது குண்டர் சட்டம். எதிர்ப்பு கிளம்பியதும் சில நாளிலேயே ஆறு பேர் மீது போட்டதை அரசே விலக்கிக்கொண்டது. கூச்சல் போட்டால் கேட்கிறது என்பதற்கு அது ஒரு சாட்சி. ஆனால் விலகியது குண்டர் சட்டம்தான், நில எடுப்புச் சட்டம் அப்படியே இருக்கிறது.

"அப்போ மாமா என்ன பண்ணலாம்?"

3(2) நோட்டீஸை அலட்சியமாக மடித்து வைக்கக் கூடாது, நிலம் எடுப்பதை எதிர்த்து வாய் திறக்கச் சட்டம் தரும் இடம் அது ஒன்றுதான். சர்வே எண், உட்பிரிவு, பரப்பைப் பார்க்கச் சொல்லுங்கள். நாம் காணிக் கணக்கில் பேசுவோம், அதில் ஹெக்டேர் இருக்கும். பட்டா இன்னும் செத்துப்போன தாத்தா பேரில் இருந்தால் வாரிசுகள் எல்லோரும் எழுத வேண்டும். நிலத்தில் உரிமை உள்ளவர் யாராக இருந்தாலும் காரணம் சொல்லலாம், குத்தகைக்காரரும் எழுதிக் கொடுக்கட்டும். கிணறு, போர், தென்னை, போகம் எத்தனை என்று ஒன்றுவிடாமல் எழுதி, கெடுவுக்குள் கொடுத்து, நகலில் தேதியோடு சீல் வாங்கி வைக்கச் சொல்லுங்கள். நாளைக்குக் கோர்ட்டுக்குப் போனால் வக்கீல் முதலில் கேட்பது அந்தச் சீல் வைத்த நகலைத்தான்.