பதிப்பெண்ணின் சிறுகோடு

1993-இல் இயன் மர்டாக் தொடங்கிய டெபியன் இயங்குதளத்தில் மென்பொருள்கள் பொதிகளாகக் கட்டப்பட்டே பயனரை அடைகின்றன. பொதியைக் கட்டுவதற்குரிய நிரல்களும் குறிப்புகளும் அடங்கிய தொகுதியை மூலப்பொதி என்பர். வாழ்த்தொன்றை அச்சிடும் ‘ஹலோ’ என்ற சிறு நிரலின் பதிப்பெண் டெபியனில் 2.10-3 என்றிருந்தால், சிறுகோட்டுக்கு முன்னுள்ள 2.10 நிரலை எழுதியோர் இட்ட எண், பின்னுள்ள 3 அதைப் பொதியாக்கியவர் இட்ட திருத்த எண். எவர் உழைப்பு எங்கே முடிகிறது என்பதற்கு அந்தக் கோடே எல்லை.

மூலப்பொதியின் வடிவமும் இந்த எல்லையை மதித்தாக வேண்டும். ‘3.0 குவில்ட்’ வடிவத்தில் ஆசிரியர் வெளியிட்ட கோப்பு கைபடாமல் தனியே இருக்க, டெபியனின் திருத்தங்கள் வேறொரு கோப்பில் ஒட்டுகளாகச் சேர்கின்றன. ஆகவே பதிப்பெண்ணில் திருத்த எண் கட்டாயம். டெபியனுக்கென்றே எழுதப்பட்ட டிபிகேஜி போன்ற கருவிகளுக்குரிய ‘3.0 நேட்டிவ்’ வடிவத்தில் எல்லாம் ஒரே கோப்பாக இருப்பதால், அங்கே திருத்த எண்ணுக்கு இடமில்லை.

பதிப்பெண் மாற்றப் பதிவேட்டின் முதல் வரியிலும், வடிவத்தின் பெயர் வேறொரு சிறு கோப்பிலும் இருப்பதால், ஒன்றைத் திருத்தியவர் மற்றதை மறந்துவிடுவது எளிது. அப்போது மூலப்பொதியைக் கட்டும் கருவி வேலையை நிறுத்திவிடுகிறது. இது நல்ல கண்டிப்பு. பழைய 1.0 வடிவமோ, ஆசிரியரின் கோப்பு உரிய இடத்தில் இல்லையென்றால், பதிப்பெண்ணில் கோடிருந்தும் அனைத்தையும் ஒன்றாகக் கட்டிவிடும். பெறுபவருக்கு மூலம் எது, திருத்தம் எது எனப் பிரித்தறிய வழியிருக்காது.

பொதியின் பொறுப்பாளரல்லாத ஒருவர் அவசரத் திருத்தம் (ஆங்கிலச் சுருக்கமாக என்எம்யூ) செய்யும்போதும் இவ்வொழுங்கு காக்கப்படுகிறது: 2.10-3 என்பது 2.10-3.1 ஆகும், நேட்டிவ் பொதியில் கோடு நுழையக் கூடாதென்பதால், 1.5 என்பது 1.5+என்எம்யூ1 ஆகும்.

வடிவத்தை மாற்றும்போது பதிப்பெண்களின் வரிசையையும் கவனிக்க வேண்டும். திருத்த எண் இல்லாவிடில் அது சுழியமாகவே கொள்ளப்படுவதால், நேட்டிவ் பொதியின் 1.5-ஐ விட குவில்ட் வடிவத்தின் 1.5-1 புதியது, பயனரின் கணினி அதைத் தடையின்றி ஏற்கும். மாறாக, 1.5-1 ஆக இருந்ததை நேட்டிவ் ஆக்கி வெறும் 1.5 என்று வெளியிட்டால் எண் பின்னோக்கிப் போகும், கணினி அதைப் பழையதென்று ஒதுக்கிவிடும், அந்நிலையில் 1.6 என அடுத்த எண்ணுக்குச் செல்வதே முறை.