செத்தவர் காதில் ஓதியது: ஒரு பீட்டில்ஸ் பாட்டின் பூர்வீகம்

பீட்டில்ஸ் என்ற பெயரை எடுத்தாலே நம்ம கூட்டங்களில் இரண்டு குரல்கள் எழும். 'போதைக் கலாச்சாரம், ஏகாதிபத்தியச் சீரழிவு, விடுங்க தோழர்' என்று ஒருவர் முடித்துவைப்பார். 'மேற்கு கிழக்கின் ஞானத்தைக் கண்டடைந்த தருணம்' என்று இன்னொருவர் கண்ணை மூடிக்கொள்வார். 1966 ஆகஸ்டில் வெளிவந்த 'ரிவால்வர்' இசைத்தட்டின் கடைசிப் பாட்டு 'டுமாரோ நெவர் நோஸ்'. சைக்கடெலிக் ராக் என்று பின்னால் பெயர் பெற்ற வகையின் தொடக்கங்களில் ஒன்று. இதைப் பற்றியும் அதே இரண்டு தீர்ப்புகள்தான். இரண்டுமே பாட்டைக் கேட்காமல் சொல்லப்படுபவை என்பது என் சந்தேகம். மூன்று நிமிடம்கூட முழுசாக ஓடாத இந்தப் பாட்டுக்குள் யார் யாருடைய உழைப்பு கிடக்கிறது, யார் பெயர் விடுபட்டுப்போனது என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

சொற்களிலிருந்து தொடங்கலாம். திபெத்தில் 'பார்தோ தோதல்' என்றொரு பிரதி. 14ஆம் நூற்றாண்டில் கர்ம லிங்பா கண்டெடுத்ததாக மரபு சொல்கிறது. இடைநிலையில் கேட்டு விடுதலை பெறுதல் என்று அந்தப் பெயருக்குப் பொருள் கொள்ளலாம். இடைநிலை என்பது சாவுக்கும் அடுத்த பிறப்புக்கும் நடுவே, 49 நாள்வரை நீளக்கூடிய காலம். செத்துக்கொண்டிருப்பவர், செத்துவிட்டவர் அருகில் உட்கார்ந்து இதை உரக்க ஓதுவார்கள். தெரிகிற ஒளியும் பயங்கர உருவங்களும் உன் மனத்தின் தோற்றங்களே, பயப்படாமல் அடையாளம் கண்டுகொள் என்று பிரதி அவரிடமே பேசும். ஆக, இது அலமாரியில் வைக்கிற புத்தகம் இல்லை; காதுக்கானது.

சிக்கிமைச் சேர்ந்த காஜி தாவா சம்துப், கேங்டாக்கில் பள்ளித் தலைமையாசிரியர். 1919இல் தன்னைத் தேடிவந்த அமெரிக்கர் எவான்ஸ்-வென்ஸுக்காக இதை ஆங்கிலமாக்கினார். வந்தவர் அடையாறில் தலைமையகம் கொண்ட பிரம்மஞான இயக்கத்தின் சிந்தனையில் ஊறியவர். திபெத்திய மொழி தெரியாதவர். காஜி தாவா சம்துப் 1922இல் கல்கத்தாவில் காலமானார். 1927இல் ஆக்ஸ்ஃபோர்டு வெளியிட்டபோது, எகிப்திய மரண நூலின் சாயலில் 'திபெத்திய மரண நூல்' என்று தலைப்பு வைத்தாகிவிட்டது. நூல் இன்றுவரை அறியப்படுவது பதிப்பாசிரியர் பெயரால். உள்ளே மொழிபெயர்ப்பாளர் பெயர் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் யார் சொல்கிறார்கள்? நான் பெயர்த்த கட்டுரை ஒன்று என் பெயர் இல்லாமல் ஒரு தொகுப்பில் ஏறியிருக்கிறது. அதனாலோ என்னவோ இந்த இடத்தைச் சும்மா தாண்டிப் போக முடியவில்லை.

அடுத்த கை 1964இல் வந்தது. திமோதி லியரி, ரால்ஃப் மெட்ஸ்னர், ரிச்சர்ட் ஆல்பர்ட் மூவரும் எவான்ஸ்-வென்ஸ் பதிப்பை வைத்து, எல்.எஸ்.டி. எடுத்துக்கொள்பவருக்கான வழிகாட்டி நூலாக 'தி சைக்கடெலிக் எக்ஸ்பீரியன்ஸ்' எழுதினார்கள். லியரியையும் ஆல்பர்ட்டையும் அதற்கு முந்தைய ஆண்டுதான் ஹார்வர்டு வெளியேற்றியிருந்தது. இவர்கள் கையில் சாவு 'நான்' என்பதன் சாவாக மாறியது. பிணம் காணாமல்போய், அந்த இடத்தில் போதையிலிருக்கும் ஒரு தன்னிலை வந்து படுத்துக்கொண்டது. அந்த மருந்தும் ஞானிகள் தந்ததில்லை. சுவிஸ் மருந்துக் கம்பெனி சாண்டோஸில் ஆல்பர்ட் ஹாஃப்மன் 1938இல் தயாரித்தது; 1950களில் சி.ஐ.ஏ. மனிதர்கள்மீது ரகசியமாகச் சோதித்துப் பார்த்தது.

1966இல் லண்டனின் இண்டிகா புத்தகக் கடையில் ஜான் லெனன் அந்த நூலை வாங்கினார். பாட்டின் முதல் வரி அதன் முன்னுரையிலிருந்து கிட்டத்தட்ட அப்படியே எடுத்தது. தலைப்பு மட்டும் திபெத்துமில்லை, லியரியுமில்லை. டிரம்மர் ரிங்கோ ஸ்டார் பேச்சுவாக்கில் உளறிய ஒரு தொடர். ஆக்கியோர் இடத்தில் லெனன்–மெக்கார்ட்னி.

இனி ஓசை. 1966 ஏப்ரல் 6 அன்று இ.எம்.ஐ. ஒலிப்பதிவுக் கூடத்தில் 'மார்க் 1' என்ற தற்காலிகப் பெயரில் பதிவு தொடங்கியது. தம்புராவின் கார்வைமேல், பெரும்பாலும் ஒரே ஸ்வர அடுக்கில் நின்றுகொண்டிருக்கிறது பாட்டு. மலையுச்சியிலிருந்து தலாய் லாமாவும் ஆயிரக்கணக்கான பிக்குகளும் ஓதுவதுபோலத் தன் குரல் கேட்க வேண்டும் என்றார் லெனன். அந்த 1966இல் தலாய் லாமா மலையில்தான் இருந்தார்: 1959இல் தப்பிவந்து, தர்மசாலாவில், அகதியாக. திபெத்தை ஓசையாகக் கேட்டவர்களுக்கு இது காதில் விழவில்லை. 'கிழக்கின் ஞானம்' என்கிற நண்பருக்கு என் பதில் இதுதான்.

லெனன் கேட்டதை நிறைவேற்றியவர் 20 வயதுப் பொறியாளர் ஜெஃப் எமெரிக். ஹாமண்ட் ஆர்கனோடு வரும் சுழலும் லெஸ்லி ஒலிபெருக்கி வழியாக அந்தக் குரலைச் செலுத்தினார். டிரம்முக்குள் கம்பளிச் சட்டையைத் திணித்து, கூடத்தின் விதியை மீறி மைக்கை நெருக்கி வைத்தார். பால் மெக்கார்ட்னி வீட்டிலிருந்து ஒலிநாடா வளையங்கள் கொண்டுவந்தார்: வேகம் கூட்டப்பட்டுக் கடற்பறவைபோல் அலறும் ஒரு சிரிப்பு, வாத்தியக்குழுவின் ஒரு துணுக்கு, இப்படி. நாடாத் துண்டுகளால் இசை கட்டுவதை பியர் ஷேஃபர் பாரிஸ் வானொலியில் 1948இலேயே தொடங்கிவிட்டார். ஸ்டாக்ஹவுசனையும் மெக்கார்ட்னி கேட்டிருந்தார். ஏப்ரல் 7 அன்று கட்டடத்தின் வெவ்வேறு அறைகளில் பதிவுக் கருவிகள் ஓட, பணியாளர்கள் பென்சிலை நீட்டி நாடா வளையங்களை விறைப்பாகப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கலவைப் பலகையில் அந்த ஓசைகளை ஏற்றி இறக்கியதும் ஒரு வாசிப்புத்தான். அதைத் திரும்பச் செய்யவே முடியாது என்று தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின் பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

சீரழிவு என்கிற தோழரிடம் இந்தப் பென்சில் பிடித்தவர்களைத்தான் காட்டுவேன். பாட்டின் சொற்கள் ஒதுங்கிப்போகச் சொல்கின்றன, மறுக்கவில்லை. ஓசையோ தொழிற்கூட விதிகளை மீறி, பல கைகள் சேர்ந்து உண்டாக்கியது. காதுக்காக எழுதப்பட்ட பிரதி புத்தகமாகி, மருந்துக்கையேடாகி, இவர்கள் உழைப்பால் மறுபடி காதுக்கு வந்து சேர்ந்தது.

ஒலிப்பதிவுக் கூடத்தையே வாத்தியமாக்குவது, துண்டு ஓசையைச் சுழலவிடுவது என்பதெல்லாம் பின்னாளின் நடன இசைக்கு அன்றாடச் சோறு. 1996இல் கெமிக்கல் பிரதர்ஸின் 'செட்டிங் சன்' இதே டிரம்ஸின் சாயலோடு பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. பீட்டில்ஸ் தரப்பு வழக்கறிஞர்கள் விளக்கம் கேட்க, ஒரு துண்டும் களவாடவில்லை என்று இசையறிஞரை வைத்து நிரூபிக்க வேண்டியிருந்தது. கேங்டாக் தலைமையாசிரியர் தரப்பிலிருந்து யாரும் யாருக்கும் கடிதம் போட்டதாகத் தெரியவில்லை.

2012இல் 'மேட் மென்' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர், சுமார் இரண்டரை லட்சம் டாலர் கொடுத்து இந்தப் பாட்டை ஒரு காட்சியில் ஒலிக்கவிட்டதாகச் செய்திகள் வந்தன. காட்சி 1966இல் நடக்கிறது. இளம் மனைவி கேட்கச் சொன்னாளே என்று விளம்பரக் கம்பெனிக்காரன் டான் டிரேப்பர் தட்டைச் சுழலவிட்டுச் சாய்ந்துகொள்கிறான். பாட்டு முடிவதற்குள் எழுந்துபோய் ஊசியைத் தூக்கிவிடுகிறான்.