சமாதானம் இருக்க யுத்தம் ஏன்?

யுத்தம் நல்லதா, சமாதானம் நல்லதா என்று யாரைக் கேட்டாலும், சமாதானமே நல்லது என்றுதான் விடை வரும். குடிமகனைக் கேட்டாலும் அதே விடை. படைத் தலைவரைக் கேட்டாலும் அதே விடை. ஆயினும், வரலாற்று நூல்களைப் புரட்டினால், யுத்தத்தைக் காணாத தலைமுறை ஒன்றைக் கண்டுபிடிப்பது அரிதாக இருக்கிறது. வாயால் ஒன்றை விரும்பிக் கையால் வேறொன்றைச் செய்யும் இந்த விந்தைக்குக் காரணம் என்ன? இதைப் பற்றியே இன்று சிறிது பேச எண்ணுகிறேன்.

இந்தக் கேள்வி எனக்குப் புத்தகத்தில் பிறந்ததன்று. மயிலாப்பூர்த் தெரு ஒன்றில் பிறந்தது. 1962-ஆம் ஆண்டு அக்டோபர் 20-ஆம் தேதி இமயமலை எல்லையில் சீனப் படைகள் பெருந்தாக்குதலைத் தொடங்கின. அப்போது எனக்கு எட்டு வயது. தீபாவளிக்கு ஒரு வாரமே இருந்தது. எங்கள் தெருப் பிள்ளைகள் நாங்கள் யுத்த விளையாட்டு ஆடினோம். எல்லாரும் இந்தியச் சிப்பாய்களாக இருக்க முன்வந்தோமே அன்றி, சீனனாக இருக்க ஒருவரும் இசையவில்லை. எதிரி இல்லாமல் யுத்தம் எப்படி நடக்கும்? எங்களுள் மிகச் சிறியவன் ஒருவனை வலியப் பிடித்துச் சீனனாக்கினோம். அவன் அழுதுகொண்டே ஓடினான்; நாங்கள் முழங்கிக்கொண்டு துரத்தினோம்.

அதற்கு ஆறு ஆண்டுகள் முன்னே, 1956 டிசம்பரில், சீனப் பிரதமர் சூ என்-லாய் இதே சென்னைக்கு விருந்தினராக வந்திருந்தார். பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையையும் மாமல்லபுரத்தையும் பார்த்துச் சென்றார். 1954-இல் இரு நாடுகளும் பஞ்சசீல உடன்பாட்டில் கையெழுத்திட்டதும், இந்தியரும் சீனரும் சகோதரர் என்ற கோஷம் நாடெங்கும் எழுந்ததும் பெரியவர்கள் நினைவில் பசுமையாக இருந்த காலம் அது. மலை மாறவில்லை; மக்கள் மாறவில்லை; சகோதரன் மட்டும் பகைவனாகிவிட்டான். இது எவ்வாறு நேர்ந்தது?

மனிதர் போரிடுவதற்குரிய காரணங்களை ஆராய்ந்த மிகப் பழையவர்களுள் ஒருவர் கிரேக்க வரலாற்றாசிரியர் துசிடிடிஸ். ஏதென்ஸ் நகரத்தார் தம் பேரரசை விடாமல் பற்றியிருந்ததற்கு அவர் காட்டும் காரணங்கள் மூன்று: அச்சம், மானம், ஆதாயம். இரண்டாயிரத்து நானூறு ஆண்டுகள் கழிந்தும் இம்மூன்றும் பழைமை எய்தவில்லை.

முதலில் ஆதாயத்தைப் பார்ப்போம். 1962-இல் வழக்கில் இருந்த நிலத்தின் ஒரு பகுதியாகிய அக்சாய் சின், கடல் மட்டத்திற்கு மேல் பதினாறாயிரம் அடிக்கும் உயர்ந்து கிடக்கும் குளிர்ப் பாலை. சீனர்க்கு அங்கே ஒரு சாலை தேவைப்பட்டது உண்மை. சின்ஜியாங்கையும் திபெத்தையும் இணைக்கும் அச்சாலையை அவர்கள் 1957-இல் முடித்தார்கள். ஆயினும், இரண்டு பெரிய தேசங்கள் ஒரு தலைமுறையின் நட்பைப் பணயம் வைக்கும் அளவுக்கு அந்தப் பாலையில் பொன் விளையவில்லை. ஆகவே ஆதாயம் ஒன்றே காரணம் என்று சொல்லிவிட முடியாது.

அடுத்தது அச்சம். யதார்த்தவாதிகள் என்று பெயர் பெற்ற அரசியல் அறிஞர்கள் இதனையே முதன்மையாகக் கொள்வார்கள். ஒரு தெருவில் சண்டை வந்தால் போலீஸ்காரரை அழைக்கலாம். தேசங்களுக்கு மேலே போலீஸ்காரர் இல்லை. ஆகவே ஒவ்வொரு தேசமும் தன்னைத் தானே காத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஒருவன் தன் வீட்டைக் காக்கச் சுவரை உயர்த்தினால், அண்டை வீட்டான் அதைத் தனக்கு எதிரான ஏற்பாடு என்று கருதித் தன் சுவரையும் உயர்த்துகிறான். 1959-இல் தலாய் லாமா இந்தியாவில் அடைக்கலம் புகுந்ததைச் சீனா ஐயத்தோடு நோக்கியது. அவ்வாண்டிலேயே எல்லையில் துப்பாக்கிகள் வெடித்தன. 1961 இறுதியில் இந்தியா முன்னேறிக் காவல் சாவடிகள் அமைக்கத் தொடங்கியது. நாம் அதைத் தற்காப்பு என்றோம். அவர்கள் அதை ஆக்கிரமிப்பு என்றார்கள். நியாயம் யார் பக்கம் என்பது வேறு விவாதம். அச்சம் அச்சத்தைப் பெற்றெடுக்கும் விதத்தையே இங்கே சுட்டுகிறேன்.

ஆயினும் ஓர் ஐயம் எஞ்சி நிற்கிறது. யுத்தம் இரு தரப்புக்கும் நஷ்டம். அந்த ஒரு மாத யுத்தத்தில் இந்தியத் தரப்பில் மடிந்தோர் ஆயிரத்து முந்நூற்றுக்கும் மேற்பட்டோர். சிறைப்பட்டோர் ஏறத்தாழ நாலாயிரம் பேர். சீனத் தரப்பிலும் நூற்றுக்கணக்கானோர் மடிந்தனர். இவ்வளவும் இழந்த பின் வருவதை, இழப்பதற்கு முன்பே பேசி முடித்துக்கொள்ளக் கூடாதா? அமெரிக்க அறிஞர் ஜேம்ஸ் ஃபியரன் 1995-இல் எழுதிய கட்டுரையில் இந்த வினாவையே எடுத்துக்கொண்டார். பேரம் முறிவதற்கு அவர் காட்டும் தடைகள் மூன்று. ஒவ்வொருவரும் தம் உண்மையான வலிமையையும் உறுதியையும் மறைக்கிறார்கள். இன்று கொடுத்த வாக்கை நாளை எதிரி காப்பான் என்ற நம்பிக்கை இல்லை. சில பொருள்களைப் பங்கிட இயலாது என்று எண்ணுகிறார்கள்.

1960 ஏப்ரலில் சூ என்-லாய் டில்லிக்கு வந்து நேருவுடன் பல நாள் பேசியபோது, இம்மூன்று தடைகளும் அந்த அறையிலேயே இருந்தன எனலாம். அதற்குள் எல்லைத் தகராறு பற்றிய கடிதங்கள் வெள்ளை அறிக்கைகளாக வெளியாகி மக்கள் கைக்குப் போய்விட்டன. ஓர் அங்குலம் விட்டுக்கொடுத்தாலும் துரோகம் என்று பாராளுமன்றம் முழங்கியது. பேசித் தீர்க்க வேண்டியவரின் கைகள், பேச உட்காருமுன்பே கட்டப்பட்டிருந்தன.

நிலத்தைப் பங்கிடலாம், மானத்தைப் பங்கிட முடியாது. நிலம் எப்போது மானமாகிறது? மூன்றாவது காரணத்திற்கு இங்கே வந்து சேர்கிறோம். ஆக்கக் கொள்கையினர் என்று சொல்லத்தக்க ஒரு சாரார் இக்கேள்விக்கு விடை கூற முற்பட்டார்கள். அவர்களுள் அலெக்ஸாண்டர் வென்ட் என்பவர் 1992-இல் எழுதிய கட்டுரை புகழ் பெற்றது. தேசங்களுக்கு மேலே ஓர் அதிகாரி இல்லாதது உண்மையே; ஆனால் அந்த வெற்றிடம் தானாகவே யாரையும் பகைவராக்குவதில்லை; தேசங்கள் ஒன்றோடொன்று பழகிப் பழகியே நண்பர், பகைவர் என்ற உறவுகளை ஆக்கிக்கொள்கின்றன என்பது அவர் கருத்து. வேலும் வாளும் ஒரு புறம் இருக்க, அவற்றுக்கு நாம் கொடுக்கும் பொருளே யுத்தத்தைத் தீர்மானிக்கிறது. அண்ணன் கையில் அரிவாள் இருந்தால் தேங்காய் வெட்டப் போகிறான் என்று நினைக்கிறோம். பகைவன் கையில் அதே அரிவாள் இருந்தால் கதவைத் தாழிடுகிறோம்.

அவ்வாறு பொருள் மாறும்போது, ஆயுதமே ஏந்தாதவரும் பகைவராகிவிடுகின்றனர். 1962-இல் அஸ்ஸாம், வங்கம் முதலிய பகுதிகளில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்திருந்த சீன வமிசத்தார் ஏறத்தாழ 3,000 பேர், ராஜஸ்தானத்துத் தேவ்லி முகாமில் அடைக்கப்பட்டனர். அவர்களுள் குழந்தைகளும் முதியோரும் இருந்தனர். எங்கள் தெருவில் நாங்கள் துரத்திய சிறுவனைப் போல அவர்களும் பிறரால் சீனராக்கப்பட்டவர்களே.

யுத்தம் பகைவரை மட்டுமா படைக்கிறது? “நாம்” என்ற உணர்ச்சியையும் படைக்கிறது. 1962 மே மாதத்தில் ராஜ்ய சபையில் தனித் திராவிட நாட்டுக் கோரிக்கையை எடுத்துரைத்தவர் அறிஞர் அண்ணா. சீனப் போர் மூண்டதும், நாட்டின் பாதுகாப்பே முதன்மை என்று அரசுக்கு ஆதரவு நல்கினார். 1963-இல், பிரிவினைப் பிரசாரத்தைத் தடுக்கும் அரசியல் சட்டத் திருத்தமும் வந்த பின், அவர் கட்சி அக்கோரிக்கையைக் கைவிட்டது. மனிதர் யுத்தத்தின்பால் ஈர்க்கப்படுவதற்கு இங்கே ஒரு பெரிய காரணம் இருக்கிறது என்று நான் எண்ணுகிறேன். யுத்தம் வந்த அன்று அடுத்த வீட்டாரோடு பேசாதவர்களும் பேசினார்கள். எல்லாருக்கும் ஒரே செய்தி, ஒரே கவலை, ஒரே பெருமை. சமாதானம் நமக்கு அரிசியும் உறக்கமும் தருகிறது. ஒரே நாளில் ஊர் முழுவதும் ஒன்றாகிவிட்ட உணர்ச்சியை அது தருவதில்லை.

அந்நாளில் என் அன்னையார் தம் கையிலிருந்த இரண்டு பொன் வளையல்களைக் கழற்றித் தேசியப் பாதுகாப்பு நிதிக்குக் கொடுத்தார். நாடெங்கும் எத்தனையோ பெண்கள் அவ்வாறே கொடுத்தார்கள். அது தியாகம் என்பதில் எனக்குச் சிறிதும் ஐயமில்லை. ஆனால் பின்னாளில் ஒரு முறை அவர் சொன்னதை மறக்க முடியவில்லை: “வளையலைக் கேட்டார்கள், கொடுத்தேன். யோசனையை யாரும் கேட்கவில்லை” என்றார்.

பெண்ணிய அறிஞர்களின் வாதத்தை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா என்பது ஐயமே. அடையாற்றில் 1917-இல் தோன்றிய இந்திய மாதர் சங்கம், பெண்ணுக்கு வாக்குரிமை கேட்டபோது, பொது வாழ்வின் முடிவுகளில் அவளுடைய யோசனையும் இருக்க வேண்டும் என்றே கேட்டது. ஆன் டிக்னர், சிந்தியா என்லோ முதலியோர் அக்கேள்வியை யுத்தத்தின் வாயிலுக்கே கொண்டு சென்றார்கள். பெண்கள் இயல்பாகவே மென்மையானவர்கள், அவர்கள் ஆண்டால் போர் ஒழியும் என்பது அவர்கள் வாதமன்று. 1971-இல் யுத்தத்தை நடத்திய இந்திரா காந்தியும், 1982-இல் ஃபாக்லாந்துத் தீவுகளுக்குக் கப்பற்படையை அனுப்பிய மார்கரெட் தாட்சரும் பெண்களே. வீரம் ஆண்மை, விட்டுக்கொடுத்தல் பெண்மை என்று நாம் பிரித்து வைத்திருப்பதால், சமாதானம் பேசுகிறவன் ஆண்மையற்றவன் என்ற இழிவுக்கு அஞ்சுகிறான் என்பதே அவர்கள் கூறுவது. புகையும் வழியும் அங்கேதான் என்கிறார்கள்.

நம் புறநானூறு இதற்குச் சான்று பகரும். மகன் முதுகில் புண்பட்டு மாண்டான் என்று கேட்டுச் சினந்து களத்திற்குச் சென்ற முதியவளைப் பாடியவர் காக்கைபாடினியார் நச்செள்ளையார். ஒரே மகனைப் போருக்கு அனுப்பும் தாயைப் பாடியவர் ஒக்கூர் மாசாத்தியார். இருவரும் பெண்பாற் புலவர்கள். பெற்ற வயிற்றின் துயரையும் மீறி மானம் பேசும் அளவுக்கு, அது வீட்டுக்குள்ளேயே கற்பிக்கப்பட்டிருந்தது. ஆனால் அதே தொகை நூலில், அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது சென்ற ஔவையாரும் இருக்கிறார். அவரிடம் யோசனை கேட்கப்பட்டது.  மெரினாக் கடற்கரையில் 1968-இல் நிறுவப்பட்ட சிலைகளுள் ஔவையின் சிலையும் ஒன்று. ஐக்கிய நாடுகளின் பாதுகாப்பு சபை, சமாதானப் பேச்சுகளில் பெண்களுக்கும் இடம் வேண்டும் என்று தீர்மானம் செய்தது 2000-ஆம் ஆண்டில்தான்.

இனி, அந்த 1962-ஆம் ஆண்டின் மற்றொரு நிகழ்ச்சிக்கு வருகிறேன். தியாகராய நகரில் பசுல்லா சாலையில் வாழ்ந்த ராஜாஜி, எண்பத்து மூன்றாம் வயதில், காந்தி சமாதான நிறுவனத்தின் தூதுக்குழுவோடு அமெரிக்கா சென்றார். செப்டம்பர் 28-இல் ஜனாதிபதி கென்னடியைச் சந்தித்து, அணுகுண்டுச் சோதனைகளை நிறுத்த வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். நான்கு வாரங்களுக்குள் உலகம் இரண்டு நெருக்கடிகளைக் கண்டது. ஒன்று இமயத்தில், மற்றொன்று கியூபாவில். இமயத்தில் யுத்தம் நடந்தது. கியூபாவில், உலகையே எரித்திருக்கக் கூடிய யுத்தம், நடக்காமல் போயிற்று.

கியூபாவில் மட்டும் அச்சம் குறைவா? மானம் குறைவா? இல்லை. கென்னடியும் குருஷேவும் ஒருவர்க்கொருவர் கடிதம் எழுதிக்கொண்டே இருந்தார்கள். கியூபாவைத் தாக்குவதில்லை என்று அமெரிக்கா வெளிப்படையாக வாக்களித்தது. துருக்கியிலிருந்த தன் ஏவுகணைகளை அகற்றுவதாக இரகசியமாகவும் ஒப்புக்கொண்டது. எதிரி தன் மக்கள் முன் தலைகுனியாமல் பின்வாங்குவதற்கு ஒரு வழியை இருவரும் திறந்து வைத்தார்கள். அக்டோபர் 28-இல் நெருக்கடி தணிந்தது. அடுத்த ஆண்டு ஆகஸ்டில், வானிலும் விண்வெளியிலும் கடலடியிலும் அணுச் சோதனையைத் தடை செய்யும் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. இமயத்திலோ அந்த வழியை இரு புறத்தாரும் அடைத்துவிட்டிருந்தார்கள்.

சமாதானமும் இவ்வாறு சிறிது சிறிதாக ஆக்கப்படுவதே. எல்லைக்கோட்டின் அருகில் சுடுவதில்லை என்று இந்தியாவும் சீனாவும் 1996-இல் உடன்பட்டன. 2019 அக்டோபரில் சீன அதிபர் ஷி ஜின்பிங் மாமல்லபுரத்தில் விருந்துண்டு சென்றார். எட்டு மாதங்களில், 2020 ஜூன் 15 இரவு, கல்வான் பள்ளத்தாக்கில் நம் வீரர் 20 பேர் மாண்டனர். அவர்களுள் ஒருவர் இராமநாதபுரம் மாவட்டத்தவர். விருந்து மட்டும் யுத்தத்தைத் தடுக்காது என்பதற்கு அது சான்று. ஆயினும் அன்று துப்பாக்கிகள் வெடிக்கவில்லை. அந்த இரவு பெரும் போராக வளரவும் இல்லை. 1996-இன் காகிதம் முற்றிலும் வீணாகவில்லை.

யுத்தத்தை யாரோ தொலைவில் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று நாம் நினைக்கிறோம். ஒரே நாளில் யாரும் அதைத் தேர்ந்தெடுப்பதில்லை. விட்டுக்கொடுப்பவனைக் கோழை என்று நகைக்கும்போது, அயலானின் பிள்ளையைப் பகைவன் என்று பெயரிடும்போது, வளையலைக் கேட்டு யோசனையைக் கேளாதிருக்கும்போது, நாம் அதைச் சிறுகச் சிறுகத் தேர்ந்தெடுக்கிறோம். சமாதானத்தையும் இவ்விடங்களிலேயே தொடங்க வேண்டும்.

எங்கள் விளையாட்டு அன்று எப்படி முடிந்தது என்று சொல்லவில்லை. அந்தச் சிறுவனின் பாட்டி வாயிற்படியில் வந்து நின்று, “நாளைக்கு யார் சீனன்?” என்று கேட்டார். எங்களில் ஒருவருக்கும் விடை தெரியவில்லை. விளையாட்டு அத்துடன் நின்றது.