சிரிப்பு காத்திருக்காது!

"காமிராவைப் பற்றி இப்போது எழுத என்ன இருக்கிறது? எல்லார் கையிலும்தான் போன் இருக்கிறதே!" என்று நீங்கள் கேட்பது என் காதில் விழுகிறது. நியாயம்தான். ஆனால் கைக்குழந்தை இருக்கிற வீட்டில் போனை எடுத்துப் படம் பிடித்துப் பாருங்கள். அதுவரை பொக்கை வாயைக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்த குழந்தை, போனைக் கண்டதும் சிரிப்பை மறந்துவிட்டு இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு பாயும். கொடுக்காவிட்டால் அழுகை. கொடுத்தாலோ அதில் பாட்டுப் படம் ஓட வேண்டும். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் திரையே காட்ட வேண்டாம், இரண்டு வயதில்கூட நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொல்லியிருக்கிறது.

என் கொழுந்தன் மனைவிக்கு இதே கவலை. பையனுக்கு அப்போது எட்டு மாதம். "அக்கா, போட்டோவும் வேணும், போனும் அவன் கண்ணுல படக்கூடாது. என்ன பண்றது?" என்றாள். எங்கள் வீட்டு பீரோவில் 2008ஆம் வருஷத்துக் கையடக்க டிஜிடல் காமிரா ஒன்று உறையோடு இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். இப்போது காலேஜ் பெண்கள்கூட அப்பா அம்மாவின் பழைய காமிராவைத் தேடி எடுத்துக்கொண்டு திரிகிறார்கள். அவர்களுக்கு அது நாகரிகம், எங்களுக்குத் தேவை.

நாலாம் நாளே திரும்ப வந்தாள். "சரிப்படலை அக்கா. அவன் சிரிச்சு முடிச்ச அப்புறம்தான் படம் விழுது. பத்து படம் எடுக்கறதுக்குள்ள செல்லும் தீர்ந்துடுச்சு."

சொந்தக்காரர்களிடம் யோசனை கேட்டால் எல்லாரும் முதலில் கேட்பது "எத்தனை மெகாபிக்சல்?" என்றுதான். ஆல்பத்தில் ஒட்டுகிற 4க்கு 6 அங்குலப் படத்துக்கு 2 மெகாபிக்சலே போதும். எங்கள் காமிரா 8 மெகாபிக்சல். சுவரில் மாட்டுகிற 8க்கு 10 அங்குலம் வரை தெளிவாகப் போடலாம். குழந்தை இருக்கிற வீட்டில் பார்க்க வேண்டியது வேகம், செல், படம் சேமிக்கிற கார்டு, இவைதான்.

இந்த மூன்று தலைவலியும் டிஜிடல் காமிராவோடு கூடவே பிறந்தவை. 1975இல் அமெரிக்காவில் கோடக் கம்பெனி இன்ஜினீயர் ஸ்டீவன் சாஸன் செய்த முதல் காமிராவின் எடை சுமார் மூன்றரை கிலோ. அதற்கு 16 பாட்டரி. ஒரே ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தை காஸெட் நாடாவில் பதிய அதற்கு 23 வினாடி பிடித்ததாம். 23 வினாடியில் நம் வீட்டுக் குழந்தை கூடத்திலிருந்து சமையலறைக்குத் தவழ்ந்து போய்விடும்!

முதலில் வேகத்துக்கு வருகிறேன். காமிராப் பொத்தானில் இரண்டு படி உண்டு. மெதுவாகப் பாதி வரை அழுத்தினால் காமிரா தூரத்தைக் குறி பார்த்து, வெளிச்சத்தை அளந்து, 'பீப்' என்று சத்தம் கொடுத்து, திரையில் பச்சைக் கட்டம் காட்டும். மீதியையும் அழுத்தினால்தான் படம் விழும். ஒரே மூச்சில் அமுக்கினால் இந்த வேலை எல்லாவற்றையும் முடித்த பிறகே எடுக்கும். பழைய காமிராக்களில் அதற்கு அரை வினாடியிலிருந்து ஒரு வினாடி வரை போய்விடும். நமக்கு அது ஒன்றுமில்லை. குழந்தையின் சிரிப்புக்கு அது ஒரு யுகம். ஆகவே கிலுகிலுப்பையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பாதி அழுத்தி விரலை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். சிரித்த கணம் மீதியை அழுத்தினால் உடனே படம். கல்லை முன்னாலேயே காய வைத்துக்கொண்டு மாவை ஊற்றுகிற மாதிரிதான்.

ஒன்றைக் கவனியுங்கள். பாதி அழுத்தி வைத்த பிறகு குழந்தை முன்னே வந்தாலோ பின்னே போனாலோ குறி தப்பிவிடும். விரலை எடுத்து மறுபடி பாதி அழுத்த வேண்டும். தவழ்கிற குழந்தையாக இருந்தால் அதன் பின்னால் ஓடாதீர்கள். பாயின் விளிம்பைக் குறி வைத்துக் காத்திருங்கள், அங்கே வந்ததும் அழுத்துங்கள்.

அறை இருட்டாக இருந்தால் லென்ஸ் முன்னும் பின்னும் போய்த் தடுமாறும். இந்த வகைக் காமிராக்கள் கோடும் விளிம்பும் பளிச்சென்று தெரிகிற இடத்தைப் பார்த்துத்தான் குறியைச் சரி செய்துகொள்கின்றன. வழவழ என்று ஒரே நிறத்தில் இருக்கும் சட்டையைக் காட்டினால் திணறும்; கண்ணைக் காட்டினால் சட்டென்று பிடித்துக்கொள்ளும். காலை வேளையில் ஜன்னல் ஓரமாகவோ திண்ணையிலோ குழந்தையை உட்கார வைத்து, ப்ளாஷை அணைத்துவிட்டு எடுங்கள். ப்ளாஷ் ஒரு முறை மின்னிய பிறகு மறுபடி மின்சாரம் நிரம்பும் வரை காமிரா சும்மா நிற்கும். செல் தளர்ந்திருந்தால் இந்தக் காத்திருப்பு இன்னும் நீளும். எடுத்த படத்தை உடனே திரையில் காட்டுகிற ஏற்பாட்டையும் மெனுவில் நிறுத்திவிடலாம்.

இதையெல்லாம் அவளுக்குக் காட்டிக் கொடுத்த அடுத்த வாரமே, கீழ்ப் பல் இரண்டும் தெரிய அவன் சிரிக்கிற படம் ஒன்றைக் கொண்டுவந்து காட்டினாள். போனில்கூட அப்படி ஒரு படம் யாரும் எடுத்ததில்லை.

செல் விஷயம். இந்தக் காமிராவுக்குப் பென்சில் செல் இரண்டு வேண்டும், ஏஏ என்று போட்டிருக்குமே, அது. அவள் போட்டது சுவர்க் கடிகாரத்துக்காக வாங்கி வைத்திருந்த மலிவு செல். கடிகாரம் துளித் துளியாக மின்சாரம் குடிக்கும். காமிராவோ லென்ஸை நீட்டவும் ப்ளாஷை நிரப்பவும் மடக் மடக்கென்று இழுக்கும். மலிவு செல் அதற்குத் தாங்காது. ஆல்கலைன் செல் பரவாயில்லை. ரீசார்ஜ் செய்யக்கூடிய நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல்தான் உத்தமம். அதில் 1.5 வோல்ட்டுக்குப் பதில் 1.2 வோல்ட் என்று போட்டிருப்பதைப் பார்த்து மட்டமாக நினைக்காதீர்கள். எவ்வளவு இழுத்தாலும் சட்டென்று தளராத குணம் அதற்கு. நாலாக வாங்கி, இரண்டு காமிராவிலும் இரண்டு சார்ஜரிலுமாக மாற்றிக்கொண்டால் கவலையில்லை. மாதக் கணக்கில் காமிராவைத் தொடப்போவதில்லை என்றால் செல்லைக் கழற்றி வைத்துவிடுங்கள். உள்ளேயே ஒழுகினால் காமிரா வீண்.

பெட்டியில் 'இத்தனை படம் எடுக்கலாம்' என்று போட்டிருப்பது சும்மா அல்ல. சிபா என்கிற ஜப்பானியக் காமிரா உற்பத்தியாளர் சங்கம் வகுத்த முறை அது: 30 வினாடிக்கு ஒரு படம், ஒன்று விட்டு ஒன்றுக்கு ப்ளாஷ். குழந்தை எப்போது சிரிக்கும் என்று திரை எரிய எரியக் கால் மணி நேரம் காத்திருக்கிற அம்மாவின் கணக்கு அதில் இல்லை! காமிராவில் கண் வைத்துப் பார்க்கிற துவாரம் இருந்தால் திரையை அணைத்துவிட்டு அதில் பாருங்கள்.

லித்தியம் பாட்டரி போடுகிற காமிராவைப் பழையதாக வாங்குகிறவர்கள், பாட்டரி உப்பியிருக்கிறதா, சார்ஜர் கூட இருக்கிறதா, அதே அளவு பாட்டரி இன்னும் கிடைக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணத்தை எடுங்கள். எடுத்து வைக்கும்போது பாதி சார்ஜில், குளுமையான இடத்தில் வையுங்கள். அடுப்பு மேடை அலமாரி வேண்டாம்.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. சில பழைய காமிராக்களில் தேதிக்கென்று பொட்டு மாதிரி ஒரு பட்டன் செல் இருக்கும். குழந்தை அதை விழுங்கிவிட்டால் உணவுக்குழாயில் மாட்டிக்கொண்டு, இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே சதையை அரித்துவிடக்கூடும். விழுங்கியிருக்கலாம் என்று சந்தேகம் வந்தாலே போதும், காத்திராமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். காமிராவில் அதன் மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள்.

இனி கார்டு. மூன்று மாதம் கழித்து ஒரு நாள் காலையில் போன் செய்து அழுதாள். உறவுக்காரப் பையன் ஒருவன் பொத்தான்களை அமுக்கி விளையாடியதில் அத்தனை படமும் அழிந்துவிட்டது. அதில் அவள் பாட்டி குழந்தையை மடியில் வைத்துக்கொண்டிருக்கிற படமும் ஒன்று. பாட்டி தவறி இருபது நாள்கூட ஆகவில்லை. "அக்கா, இருந்ததே அது ஒண்ணுதான்" என்றாள்.

"இனிமே ஒரு படம்கூட எடுக்காதே. காமிராவை அணைச்சு, கார்டை வெளியே எடு" என்றேன். 'அழி' என்றால் காமிரா பெரும்பாலும் படத்தை அழிப்பதில்லை. ரேஷன் கடைப் பதிவேட்டில் பெயரை அடிக்கிற மாதிரி பட்டியலில்தான் அடிக்கும். அந்த இடத்தில் புதுப் படம் எழுதப்படும் வரை பழையது உள்ளேயே இருக்கும். ஸ்டுடியோக்காரர் கம்ப்யூட்டரில் போட்டு மீட்டுக் கொடுத்தார். சில படங்கள் பாதி சாம்பல் நிறமாக வந்தன. பாட்டி படம் முழுசாக வந்தது.

கார்டின் ஓரத்தில் சின்னத் தாழ்ப்பாள் ஒன்று இருக்கிறது. அதைக் கீழே தள்ளிவிட்டால் காமிராவால் அழிக்கவும் முடியாது, எழுதவும் முடியாது. பிள்ளைகள் கைக்குக் காமிரா போகிற வீட்டில் அது பெரிய உபகாரம். வாங்கும்போது அளவையும் பாருங்கள். சாதாரண எஸ்டி கார்டு 2 ஜிபி வரைதான். 4லிருந்து 32 ஜிபி வரை உள்ளவை 2006இல் வந்த எஸ்டிஹெச்சி வகை. அதற்கு முந்தின காமிராவில் போட்டால் படிக்காது. எங்கள் காமிராவில் ஒரு படம் உத்தேசமாக 3 எம்பி. 2 ஜிபி கார்டிலேயே அறுநூறு படம் கொள்ளும். பெரிய கார்டாக ஒன்று வாங்குவதைவிடச் சின்னதாக இரண்டு வாங்குவேன் நான். ஒன்று போனாலும் ஒன்று மிஞ்சும்.

கார்டு என்பது படத்தை வீட்டுக்குக் கொண்டுவருகிற கூடைதான், பெட்டகம் அல்ல. வருஷக் கணக்கில் சும்மா கிடந்தால் அதில் பதிந்தது மங்கிப்போகலாம். இப்போது அவள் மாதம் ஒருநாள் படங்களைக் கம்ப்யூட்டரில் ஒரு பிரதி, தனி ஹார்ட் டிஸ்கில் ஒரு பிரதி என்று ஏற்றிவிடுகிறாள். அந்த ஹார்ட் டிஸ்க் இருப்பது எங்கள் வீட்டில். நல்லதாகப் பத்துப் படம் பொறுக்கி ஸ்டுடியோவில் காகிதத்தில் போட்டு ஆல்பத்திலும் வைக்கிறாள். பாட்டி படம் ஐந்து பிரதி போட்டோம், பாட்டியின் பிள்ளைகள் ஐந்து பேருக்கும்.

தேதியைச் சொல்ல விட்டுப்போய்விட்டது, பாருங்கள். செல் இல்லாமல் ரொம்ப நாள் கிடந்த காமிராவில் தேதி பழைய வருஷத்துக்கே போய்விடும். செல் போட்டதும் முதல் வேலையாகத் தேதியைச் சரி செய்யுங்கள். இல்லாவிட்டால் போன வாரம் எடுத்த காதுகுத்துக்கு 2008 ஜனவரி 1 என்று முத்திரை விழும்.