மூன்று கோட்டைகளும் ஒரு கைதியும்

கோட்டை என்றதும் பாடநூலில் கண்ட ஐரோப்பியக் கோட்டைகளே நம் நினைவுக்கு வரும். மலையுச்சியில் கற்கோபுரம், சுற்றிலும் அகழி, நடுவே அரசன். அப்படியொன்றைக் காணக் கடல் கடந்துதான் போக வேண்டும் என்று நாங்களும் எண்ணியிருந்தோம். கோடை விடுமுறையில் எங்கள் ஆசிரியையும் இரண்டு சிஸ்டர்களும் அழைத்துச் சென்ற பின்புதான், கட்டுச்சோற்றின் சூடு ஆறுவதற்குள் போய்விடக்கூடிய தூரத்தில் நமக்குக் கோட்டைகள் இருப்பதை உணர்ந்தோம்.

முதலில் தக்கலையை அடுத்த பத்மநாபபுரம். முன்னாளில் இதற்குக் கல்குளம் என்று பெயர். 1795 வரை திருவிதாங்கூரின் தலைநகரம் இதுவே. ஏறக்குறைய நான்கு கிலோமீட்டர் நீளமுள்ள கருங்கல் மதில் ஊரையே வளைத்து நிற்கிறது. ஆனால் உள்ளே இருக்கும் அரண்மனையில் கல்லைவிட மரமே மிகுதி! இரண்டு பருவமழைகளும் பெய்யும் நாட்டில் சரிந்த ஓட்டுக் கூரையும் தேக்கும் பலாவுமே பொருத்தம் என்பதை நம் தச்சர்கள் அறிந்திருந்தனர். மன்னர் அமைச்சர்களோடு கூடிய மந்திரசாலையில் மரச்சட்டங்களை நெருக்கமாகச் சரித்துப் பொருத்தியிருக்கிறார்கள். காற்று நுழையும், வெயிலும் மழைச்சாரலும் நுழையா. வெளியே மே மாத வெயில் கொளுத்த, உள்ளே எங்கள் வியர்வை அடங்கிவிட்டது. செருப்பைக் கழற்றிவிட்டு நடந்த தரை கண்ணாடிபோல் மின்னியது. எரித்த சிரட்டைக் கரி, சுண்ணாம்பு, முட்டை வெண்கரு முதலியவற்றைக் கலந்து மெழுகியது என்கிறார்கள். ஒரே வேளையில் இரண்டாயிரம் பேர் அமரக்கூடிய ஊட்டுப்புரையைக் கண்டதும், இத்தனை இலைகளை யார் எடுத்திருப்பார்கள் என்று ஒருத்தி கேட்டாள். அந்தக் கேள்விக்கு எந்தப் பலகையிலும் விடை எழுதியிருக்கவில்லை.

1956 நவம்பர் 1இல் நம் மாவட்டம் தமிழகத்தோடு இணைந்தபோதும் இவ்வரண்மனை கேரள அரசின் பொறுப்பிலேயே நீடித்தது. இன்றும் அவ்வாறே.

அங்கிருந்து சிறிது தொலைவில், புலியூர்க்குறிச்சியில் நெடுஞ்சாலை ஓரமாகவே உதயகிரிக்கோட்டை. தனித்து நிற்கும் ஒரு குன்றைச் சுற்றிக் கருங்கல் மதில் எழுப்பியிருக்கிறார்கள். இதன் கதைதான் எங்களை அதிக நேரம் நிறுத்தி வைத்தது. 1741ஆம் ஆண்டு குளச்சலில் மார்த்தாண்ட வர்மாவின் படை டச்சுக்காரரைத் தோற்கடித்தது. சிறைப்பட்டவர்களுள் ஒருவர் தெ லன்னாய். அவரை மன்னர் தம் படையிலேயே சேர்த்துக்கொண்டார். தோற்ற படையின் வீரரே வென்ற படைக்குப் பயிற்சி தந்தார், பீரங்கி வார்க்கும் உலை அமைத்தார், இந்தக் கோட்டைகளைப் பலப்படுத்தினார், ‘வலிய கப்பித்தான்’ என்று பெயர் பெற்றார். முப்பத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாக இங்கேயே வாழ்ந்து 1777இல் மறைந்தார். கூரையற்ற சிற்றாலயத்தினுள் அவருடைய கல்லறையும் மனைவி, மகனின் கல்லறைகளும் இருக்கின்றன. இலத்தீனோடு தமிழும் பொறிக்கப்பட்டிருப்பதைக் கண்டு வியந்தோம்.

இந்தக் கத்தோலிக்க வீரரிடமிருந்தே அரண்மனைப் பணியாளரான நீலகண்டன் கிறிஸ்துவைப் பற்றி அறிந்தார். 1745இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். கைதியை உயர்த்திய அதே மன்னரின் ஆட்சியில் இவர் சிறைப்பட்டு, துன்புறுத்தப்பட்டு, 1752 ஜனவரி 14இல் ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் சுடப்பட்டார். 2022 மே 15இல் புனிதராக அறிவிக்கப்பட்டவர் இவரே. அப்படியானால் மன்னர் நல்லவரா, கெட்டவரா? பேருந்தில் எங்களுக்குள் பெரும் வாக்குவாதம். “இரண்டு கல்லறைகளையும் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்” என்றார் சிஸ்டர். தேவசகாயத்தின் கல்லறை கோட்டாறு பேராலயத்தில் இருக்கிறது. அன்று அங்கே போக நேரமில்லை; வழக்கு இன்னும் முடியவில்லை.

ஆரல்வாய்மொழியில் மலைத்தொடர் இடைவெளி விடுகிறது. கிழக்கேயிருந்து நாஞ்சில் நாட்டுக்குள் வரும் வழியும் காற்று வரும் வழியும் அதுவே. இன்று அங்கே காற்றாலைகள் சுழல்கின்றன. இந்த வாயிலை அடைக்கத்தான் அன்று மலையிலிருந்து கடல்வரை அரண் கட்டினார்கள். 1809இல் வேலுத்தம்பி தளவாயை எதிர்த்து வந்த ஆங்கிலப் படை இவ்வழியே நுழைந்து உதயகிரியையும் பத்மநாபபுரத்தையும் கைப்பற்றியது.

அந்த அரண் கடலைத் தொடும் முனையில் இருப்பது வட்டக்கோட்டை. பெயரில்தான் வட்டம், கோட்டையோ நாற்கோணம். “டீச்சர், ஒரு பக்கமும் வளையவில்லையே!” என்று சுற்றி ஓடிப் பார்த்து வந்து முறையிட்டாள் எங்களில் சிறியவள். இங்கே பார்ப்பதற்கு அரண்மனையோ கல்லறையோ இல்லை. சுமார் 25 அடி உயர மதில், கல்லில் செதுக்கிய மீன் சின்னங்கள், கீழே கரிய மணல், எதிரே கடல். பீரங்கிக்கெனக் கட்டிய சரிவுப் பாதையில் ஏறி, மதில்மேல் அமர்ந்து எஞ்சிய புளிச்சோற்றைத் தின்றோம்.

போக விரும்பும் தோழியர் திங்கட்கிழமையைத் தவிர்க்கவும். அன்று அரண்மனைக்கு விடுமுறை.