உருண்டோடும் வெள்ளி முத்து!

திண்டிவனத்தில் ஒரு வீடு. குழந்தைக்குக் காய்ச்சல். தாய் தெர்மாமீட்டரை எடுத்து உதறுகிறாள். கை தவறுகிறது. தரையில் விழுந்து உடைகிறது.

உள்ளே இருந்த பாதரசம் வெள்ளி முத்துகளாக உருண்டு ஓடுகிறது. பிள்ளைகள் அதைத் தொட்டு விளையாடுகிறார்கள். மறுநாள் அந்த உடைசல் தெருக் குப்பைக்குப் போகிறது.

எந்த ஊரிலும் நடக்கக் கூடியதுதான். ஆனால் இதே உடைசல், டன் கணக்கில் சேர்ந்தபோது ஒரு மலை நகரத்தையே கலக்கிவிட்டது!

காயலான் கடையில் 7 டன்

கொடைக்கானலில் 1983-ம் ஆண்டு ஒரு தெர்மாமீட்டர் தொழிற்சாலை வந்தது. அமெரிக்காவில் வாட்டர்டவுன் என்ற ஊரில் இருந்த ஆலையைப் பெயர்த்து இங்கே கொண்டு வந்தார்கள். பின்னர் அது இந்துஸ்தான் லீவர் நிறுவனத்தின் கைக்கு மாறியது.

ஆபத்தான கழிவுகளை இப்படித்தான் கையாள வேண்டும் என்று மத்திய அரசு 1989-ம் ஆண்டே விதி செய்துவிட்டது. விதி ஏட்டில் இருந்தது. கழிவு எங்கே இருந்தது?

2001-ம் ஆண்டு மார்ச் மாதம் அது தெரிந்தது. மூஞ்சிக்கல் பகுதியில் ஒரு காயலான் கடை. அங்கே பாதரசம் ஒட்டிய கண்ணாடி உடைசல் குவிந்து கிடந்தது. எடை 7 டன்னுக்கு மேல்!

ஊர் மக்களும் முன்னாள் தொழிலாளர்களும் திரண்டனர். அதே மாதம் ஆலை மூடப்பட்டது.

கப்பல் ஏறிய கழிவு

2003-ம் ஆண்டு சுமார் 290 டன் பாதரசக் கழிவு கப்பல் ஏறியது. எங்கிருந்து ஆலை வந்ததோ, அந்த அமெரிக்காவுக்கே திரும்பிப் போனது!

பாதரசத்தால் உடல் கெட்டது என்று தொழிலாளர்கள் முறையிட்டார்கள். நிறுவனம் மறுத்தது. வழக்கு ஆண்டுக்கணக்கில் நடந்தது. 2016-ம் ஆண்டு முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருடன் நிறுவனம் உடன்பாடு செய்துகொண்டது.

கண்ணுக்குத் தெரியாத நஞ்சு

பாதரசம் சும்மா கிடந்தாலே ஆவியாகும். அந்த ஆவிக்கு நிறம் இல்லை, மணமும் இல்லை. மூச்சோடு உள்ளே போய் நரம்பையும் சிறுநீரகத்தையும் தாக்கும். கை நடுங்கும். நினைவு மங்கும்.

நீரில் கலந்தால் மீனுக்குள் புகும். மீனைத் தின்பவர் உடலிலும் சேரும். ஜப்பானில் மினமாட்டா என்ற ஊரில் 1956-ம் ஆண்டு இந்தக் கொடுமை வெளிப்பட்டது. ஆலைக் கழிவு கலந்த கடலில் பிடித்த மீனே அங்கு எமனாயிற்று.

வீட்டிலும் உண்டு

தெர்மாமீட்டர் மட்டுமா? டியூப் லைட்டிலும் பாதரசம் உண்டு. பேட்டரி, பூச்சிமருந்து டப்பா, பெயிண்ட் டப்பா, காலாவதியான மாத்திரை, ஊசி ஆகியவையும் ஆபத்தானவையே. இவற்றை "வீட்டு அபாயக் கழிவு" என்று 2016-ம் ஆண்டு விதி தனியே பிரித்தது. மற்றக் குப்பையோடு கலக்காமல் கொடுக்கச் சொன்னது.

உடைந்தால் என்ன செய்வது?

பிள்ளைகளை வெளியே அனுப்புங்கள். சன்னலைத் திறந்து வையுங்கள்.

மோதிரம், வளையலைக் கழற்றி வையுங்கள். பாதரசம் பட்டால் தங்கம் வெளுத்துப் போகும்.

துடைப்பத்தால் பெருக்கவே கூடாது. முத்து இன்னும் சிதறும். கையில் உறை மாட்டிக்கொண்டு, இரண்டு கெட்டி அட்டைகளால் முத்துகளை ஒன்று சேருங்கள். கண்ணாடித் துண்டையும் சேர்த்து மூடி போட்ட பாட்டிலில் அடையுங்கள். சாக்கடையில் ஊற்றாதீர்கள்.

பாட்டிலின் மேல் "பாதரசம்" என்று எழுதுங்கள். நகராட்சிப் பணியாளரிடம் விஷயத்தைச் சொல்லித் தனியே கொடுங்கள்.

குப்பையைக் கையால் கிளறிப் பிரிப்பவர் அவர்தான். அவர் வீட்டிலும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

சட்டம் போடுவது அரசின் வேலை. கொடைக்கானலில் அது மீறப்பட்டதைக் கண்டு குரல் கொடுத்தவர்கள் ஊர் மக்கள். நம் வீட்டு வாசலில் அதைக் காக்க வேண்டியவர்கள் நாம்தான்!