மக்களாட்சித் தேய்வு

மக்களாட்சித் தேய்வு என்பது, மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட ஓர் அரசு தன்னைக் கட்டுப்படுத்தும் அமைப்புகளைப் படிப்படியாகப் பலவீனப்படுத்தி, அதிகாரத்தைத் தன்னிடமே குவித்துக்கொள்ளும் போக்கைக் குறிக்கும். தேர்தல், நாடாளுமன்றம், நீதிமன்றம், செய்தித்தாள் ஆகியவை பெயரளவில் தொடர்ந்து இருக்கலாம். ஆனால் ஆட்சியைக் கேள்வி கேட்கவும், தடுக்கவும், அமைதியான வழியில் மாற்றவும் அவற்றுக்கு இருந்த வலிமை குறைந்துகொண்டே போகும்.

இயல்பு

இராணுவப் புரட்சி நடந்தால் அது நடந்த நாளையே குறித்துச் சொல்லலாம். சிலியில் 1973 செப்டம்பர் 11 அத்தகைய நாள். தேய்வுக்கு அப்படி ஒரு நாள் இருப்பதில்லை. அது பெரும்பாலும் சட்டத்தின் வழியாகவே நடக்கிறது. செருமனியில் 1933 மார்ச் 23 அன்று, நாடாளுமன்றத்தின் ஒப்புதல் இன்றியே சட்டம் இயற்றும் அதிகாரத்தை இட்லரின் அரசுக்கு வழங்கியது அந்த நாடாளுமன்றமே. ஆதரவாக 444 வாக்குகளும் எதிராக 94 வாக்குகளும் விழுந்தன. பொதுவுடைமைக் கட்சி உறுப்பினர்கள் அதற்கு முன்பே கைதாகியோ தலைமறைவாகியோ இருந்தனர். அதே ஆண்டு சூலையில் நாசிக் கட்சி தவிர மற்றக் கட்சிகளுக்குச் சட்டத்தில் இடமில்லாமல் போனது.

இது மிக விரைவாக நடந்த எடுத்துக்காட்டு. மெதுவாக நடப்பதை விளங்கிக்கொள்ள இலங்கையின் வரலாறு உதவும்.

இலங்கை: 1948 முதல் 1983 வரை

இலங்கையில் 1931 முதல் அனைவருக்கும் வாக்குரிமை இருந்தது. ஆனால் விடுதலை பெற்ற 1948ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்ட குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. அடுத்த ஆண்டு அவர்களது வாக்குரிமையும் பறிபோனது. பாதிக்கப்பட்டவர்கள் தோட்டத் தொழிலாளர்கள் என்பதால் நாட்டின் பெரும்பகுதி இதைத் தன் சிக்கலாகக் கருதவில்லை. 1970இல் ஐந்து ஆண்டுகளுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட நாடாளுமன்றம், 1972 அரசியலமைப்பின் வழியாகத் தன் காலத்தை 1977 வரை நீட்டிக்கொண்டது.

1977 சூலைத் தேர்தலில் ஐக்கிய தேசியக் கட்சி ஏறத்தாழ 51 விழுக்காடு வாக்குகளைப் பெற்றது. தொகுதிவாரி முறையால் 168 இடங்களில் 140 அதற்குக் கிடைத்தன. வாக்காளரில் பாதிப்பேரின் ஆதரவு, நாடாளுமன்றத்தில் ஆறில் ஐந்து பங்கு வலிமையாக மாறியது. அரசியலமைப்பைத் திருத்த மூன்றில் இரண்டு பங்கே போதும். அதன் பின் நடந்தவை:

• 1978: பிரதமராக இருந்த ஜே. ஆர். ஜெயவர்தனா, அரசியலமைப்புத் திருத்தத்தின் மூலம், தனித் தேர்தல் இன்றியே நிறைவேற்று அதிகாரம் கொண்ட சனாதிபதியானார். புதிய அரசியலமைப்பு வந்தபோது உயர்நிலை நீதிபதிகள் புதிதாக நியமிக்கப்பட்டனர். சிலருக்கு மீண்டும் இடம் கிடைக்கவில்லை.

• 1979: பயங்கரவாதத் தடைச் சட்டம் தற்காலிகச் சட்டமாகக் கொண்டுவரப்பட்டு, 1982இல் நிலையானதாக்கப்பட்டது.

• 1980: சூலை வேலைநிறுத்தத்தில் ஈடுபட்ட ஏறத்தாழ 40,000 பேர் வேலை இழந்தனர். அக்டோபரில் முன்னாள் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவின் குடியியல் உரிமைகள் ஏழு ஆண்டுகளுக்குப் பறிக்கப்பட்டன. இதனால் 1982 சனாதிபதித் தேர்தலில் அவர் போட்டியிட முடியவில்லை.

• 1982: ஆளுங்கட்சி உறுப்பினர்களிடம் தேதியிடாத பதவி விலகல் கடிதங்கள் பெறப்பட்டன. டிசம்பர் 22 அன்று, அவசரகால நிலையின்கீழ், பொதுத் தேர்தலுக்குப் பதிலாகப் பொதுசன வாக்கெடுப்பு நடந்தது. ஏறத்தாழ 55 விழுக்காட்டினர் ஆதரித்ததாக அறிவிக்கப்பட்டு, 1977இல் அமைந்த நாடாளுமன்றமே மேலும் ஆறு ஆண்டுகள் நீடித்தது.

கடைசிப் படியின் காரணம் எளிது. புதிய அரசியலமைப்பு விகிதாசாரத் தேர்தல் முறையைக் கொண்டுவந்திருந்தது. 1982 சனாதிபதித் தேர்தலில் ஜெயவர்தனா பெற்றது ஏறத்தாழ 53 விழுக்காடு. அதே அளவு ஆதரவு பொதுத் தேர்தலில் கிடைத்தாலும் மூன்றில் இரண்டு பங்கு இடங்கள் கிடைத்திருக்காது.

1983இல் அரசுக்குப் பிடிக்காத தீர்ப்பு ஒன்று வந்தபின் நீதிபதிகளின் வீடுகளுக்கு முன் கும்பல்கள் கூடி மிரட்டின. சூலையில் தமிழர்களுக்கு எதிரான பெரும் வன்முறை நடந்தது. ஆகஸ்டில் வந்த ஆறாம் திருத்தம் தனிநாட்டுக் கோரிக்கையைக் கைவிடும் உறுதிமொழியைக் கட்டாயமாக்கியது. அதை ஏற்காததால், முதன்மை எதிர்க்கட்சியாக இருந்த தமிழர் விடுதலைக் கூட்டணியின் உறுப்பினர்கள் இடங்களை இழந்தனர். அடுத்த பொதுத் தேர்தல் 1989 பிப்ரவரியில்தான் நடந்தது. அதற்குள் வடக்கிலும் கிழக்கிலும் போர் மூண்டிருந்தது. தெற்கில் மக்கள் விடுதலை முன்னணியின் ஆயுதக் கிளர்ச்சி நடந்துகொண்டிருந்தது. இவற்றுக்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனால் வாக்குச்சீட்டு மூலம் ஆட்சியை மாற்றும் வழி அடைபட்டிருந்த ஆண்டுகளில், ஆயுதமே வழி என்று சொன்னவர்களின் பேச்சு எடுபட்டது.

காரணங்கள்

முதலாவது, மிகைப் பெரும்பான்மை. வாக்கு விகிதத்தை விடப் பெரிதும் கூடுதலான இடங்களைப் பெறும் கட்சி, ஆட்டத்தின் விதிகளையே மாற்ற முடிகிறது. அங்கேரியில் 2010இல் ஏறத்தாழ 53 விழுக்காடு வாக்குகளுடன் மூன்றில் இரண்டு பங்கு இடங்களைப் பெற்ற கட்சி, புதிய அரசியலமைப்பை இயற்றி, நீதிபதிகளின் ஓய்வு வயதை 70இலிருந்து 62ஆகக் குறைத்தது.

இரண்டாவது, நெருக்கடி. பாதுகாப்பு, பொருளாதாரம், வேலைநிறுத்தம் என ஒவ்வொரு நடவடிக்கைக்கும் ஒரு காரணம் காட்டப்படும். தற்காலிகம் என்று வருவது தங்கிவிடும்.

மூன்றாவது, உட்கட்சித் தடை இல்லாமை. தலைவரை மறுத்துப் பேசும் உறுப்பினர் பதவியை இழப்பார் என்ற நிலையில், நாடாளுமன்றம் ஒப்புதல் முத்திரையாகிவிடுகிறது.

நான்காவது, மற்றவருக்கு நேர்வதைப் பொறுத்துக்கொள்ளும் மனநிலை. உரிமைப் பறிப்பு பெரும்பாலும் ஆதரவாளர் குறைந்த பிரிவினரிடமே தொடங்குகிறது. மலையகத் தமிழரிடம் பறிக்கப்பட்ட வாக்குரிமை, 1982இல் முன்னாள் பிரதமரே போட்டியிட முடியாத நிலை வரை நீண்டது.

மீட்சி

தேய்வு திரும்ப முடியாதது அன்று. இந்தியாவில் 1975 சூனில் அறிவிக்கப்பட்ட நெருக்கடி நிலை, 1977 மார்ச் தேர்தலில் இந்திரா காந்தி தோற்றதோடு முடிந்தது. 1978இல் வந்த 44ஆம் திருத்தம், உள்நாட்டுக் குழப்பம் என்ற காரணத்தை நீக்கி, ஆயுதக் கிளர்ச்சி இருந்தால் மட்டுமே உள்நாட்டுக் காரணத்துக்காக நெருக்கடி நிலையை அறிவிக்கலாம் என்று மாற்றியது. இலங்கையில் 2018இல் சனாதிபதி நாடாளுமன்றத்தைக் கலைத்தபோது, அது அரசியலமைப்புக்கு முரணானது என்று உயர் நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகளும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். அதற்கு அடிப்படையாக இருந்தது 2015இல் சனாதிபதியின் அதிகாரத்தைக் குறைத்த 19ஆம் திருத்தம். ஆனால் 2020இல் 20ஆம் திருத்தம் அதன் பெரும்பகுதியை நீக்கியது; 2022இல் 21ஆம் திருத்தம் ஒரு பகுதியை மீட்டது. இழந்த கட்டுப்பாடுகளை மீண்டும் சட்டமாக்கலாம். அவற்றைக் காக்க விரும்பும் பெரும்பான்மை நாடாளுமன்றத்தில் இருக்கும் வரைதான் அவை நிலைக்கின்றன.